இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவே: ரஷ்ய இயக்குநர்கள் கண்டெடுத்த மாண்டேஜ்

தமிழ்ப் படங்களில் மாண்டேஜ் என்றதும் பாட்டுதான் நினைவுக்கு வரும். யாரும் வாயசைக்காமல், பின்னணியில் பாட்டு ஓட, காதலோ உழைப்போ முன்னேற்றமோ துண்டு துண்டாகத் திரையில் வந்து போகும். அது மாண்டேஜின் ஒரு சின்னக் கிளை. 1920களில் மாஸ்கோவில் சில இளைஞர்கள் இதை வைத்துக்கொண்டு மோதியபோது அவர்கள் கேட்ட கேள்வி அதைவிட ஆழமானது. ஒரு படத்தின் அர்த்தம் எங்கே பிறக்கிறது? நடிகரின் முகத்திலா, கேமரா பிடித்த காட்சியிலா, அல்லது ஒரு துண்டை வெட்டி இன்னொரு துண்டோடு ஒட்டுகிறோமே, அந்த இடத்திலா?

ஒட்டுகிற இடத்தில்தான் என்றார்கள் அவர்கள். இன்று திரையரங்கில் பார்க்கிற படம், டிவியில் வருகிற விளம்பரம், செய்தி, போனில் ஓடுகிற ரீல்ஸ் என்று எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பதில் இருக்கிறது. அதனால்தான் நூறு வருடம் பழைய, பேசாத, கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தவர்களைப் பற்றி இப்போதும் படிக்க வேண்டியிருக்கிறது.

அடிப்படை ரொம்ப எளிது. கேமராவை ஓடவிட்டு நிறுத்தும் வரை பதிவாகும் ஒரு துண்டு, ஷாட். ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் புள்ளி, கட். ஷாட்டுகளை எந்த வரிசையில், எவ்வளவு நீளத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் வேலை, எடிட்டிங். அந்த வேலை வெறும் ஒட்டுவேலை அல்ல, அதுவே சினிமாவின் உயிர் என்ற நம்பிக்கைக்குத்தான் சோவியத் மாண்டேஜ் என்று பெயர்.

ஃபிலிம் இல்லாத பள்ளிக்கூடம்

லெவ் குலெஷோவ் 1899-ல் தம்போவ் நகரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே எவ்கேனி பாவர் என்ற இயக்குநரின் படங்களுக்கு செட் அமைக்கும் வேலையில் சேர்ந்தார். 1917-ல் புரட்சி வந்தது. பின்னாலேயே உள்நாட்டுப் போர். 1919 ஆகஸ்டில் லெனின் அரசு திரைப்படத் தொழிலை அரசுடைமையாக்கியது. அதே ஆண்டு மாஸ்கோவில் ஒரு திரைப்படப் பள்ளியும் தொடங்கியது. உலகில் ஓர் அரசு நடத்திய முதல் திரைப்படப் பள்ளி அதுதான். பின்னாளில் வ்கிக் என்ற பெயரில் புகழ்பெற்றது. குலெஷோவ் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு இருபது வயதுதான்.

பள்ளி இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள், கச்சா ஃபிலிம் மட்டும் இல்லை. ரஷ்யாவில் அது தயாராகவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்ததும் போரால் நின்றுபோனது. என்ன செய்வது? குலெஷோவும் மாணவர்களும் ஒரு படத்தை ஷாட் ஷாட்டாக மேடையில் நடித்துப் பார்த்தார்கள். 'ஃபிலிம் இல்லாத படங்கள்' என்று அதற்குப் பெயர். பழைய படங்களை வெட்டி வேறு வரிசையில் ஒட்டியும் பார்த்தார்கள். அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' அப்போது ரஷ்யாவுக்கு வந்திருந்தது. நான்கு காலங்களில் நடக்கும் நான்கு கதைகளை மாற்றி மாற்றி வெட்டிக் காட்டும் அந்தப் படம் அவர்களுக்குப் பாடநூலாகவே இருந்தது. புதிதாக எடுக்க வசதியில்லாதவர்கள், எடுத்ததை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று தேடினார்கள். இந்தக் கலையின் வேர் அந்தப் பற்றாக்குறையில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அங்கே நடந்த ஒரு சோதனைதான் இன்று 'குலெஷோவ் விளைவு' என்று உலகமெங்கும் சொல்லித்தரப்படுகிறது. இவான் மொசூகின் புரட்சிக்கு முந்தைய ரஷ்யாவின் பெரிய நட்சத்திரம். அவருடைய பழைய குளோசப் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை, சும்மா பார்க்கிறார். அந்த முகத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு சூப்பை ஒட்டினார்கள். அதே முகத்தோடு சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணை ஒட்டினார்கள். அதே முகத்தோடு பொம்மைக் கரடி வைத்து விளையாடும் ஒரு சிறுமியை ஒட்டினார்கள். பார்த்தவர்கள் மொசூகினின் நடிப்பைப் பாராட்டினார்களாம். சூப்பைப் பார்த்து எப்படி யோசனையில் ஆழ்கிறார், இறந்தவளைப் பார்த்து எப்படித் துயரப்படுகிறார், குழந்தையைப் பார்த்ததும் எவ்வளவு மென்மையாகப் புன்னகைக்கிறார் என்று! மூன்றிலும் முகம் ஒன்றேதான்.

இது குலெஷோவின் மாணவர் புதோவ்கின் எழுதிவைத்த கணக்கு. குலெஷோவ் சொன்னதில் படங்கள் கொஞ்சம் மாறும். மூலச் சுருளும் இன்று இல்லை. ஆனாலும் சோதனையின் சாரத்தை யாரும் தங்கள் போனிலேயே செய்து பார்க்கலாம். வீட்டில் ஒருவரை எந்தப் பாவனையும் இல்லாமல் கேமராவைப் பார்க்கச் சொல்லி ஐந்து நொடி எடுங்கள். அடுத்து ஒரு பிறந்தநாள் கேக். மறுபடி அதே முகம், அடுத்து உடைந்து கிடக்கும் ஒரு பொருள். விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஓர் ஆண் மாஸ்கோவின் ஒரு தெருவில் நடக்கிறான். ஒரு பெண் வேறொரு தெருவில் எதிர்த்திசையில் வருகிறாள். இருவரும் சந்தித்துக் கைகுலுக்குகிறார்கள். அவன் எதையோ சுட்டிக்காட்டுகிறான். அடுத்த ஷாட்டில் அமெரிக்கப் படம் ஒன்றிலிருந்து எடுத்த வாஷிங்டன் வெள்ளை மாளிகை. அதற்கடுத்து, இருவரும் படியேறுகிறார்கள், அது மாஸ்கோவில் உள்ள ஒரு தேவாலயத்தின் படி. பார்ப்பவர் மனதில் இதெல்லாம் ஒரே இடமாகிவிடுகிறது. பூமியில் எங்கேயும் இல்லாத ஓர் ஊரை எடிட்டிங் மேஜையில் கட்டிவிட்டார்கள். நம் படங்களில் வீட்டின் வாசல் ஒரு ஊரிலும் உள்ளறை ஒரு ஸ்டுடியோவிலும் இருப்பது இந்தத் துணிச்சலால்தான்.

பக்கத்தில் என்ன வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு முகத்தின் பொருள் மாறும் என்றால், அழும் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தலைவரின் சாதாரண முகத்தை வைத்து அவரைக் கல்நெஞ்சக்காரராகவும் காட்டலாம், கருணைக்கடலாகவும் காட்டலாம். செய்திப் படங்களைப் பார்க்கும்போது நான் இதை மறப்பதில்லை.

செங்கல்லா, மோதலா?

சரி, கட் விழும் இடத்தில்தான் அர்த்தம் பிறக்கிறது என்று ஒத்துக்கொண்டோம். எப்படிப் பிறக்கிறது? இதில்தான் இரண்டு பேர் பிரிந்தார்கள்.

விசெவோலோத் புதோவ்கின் 1893-ல் பென்சாவில் பிறந்து, மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்தவர். முதல் உலகப் போரில் காயப்பட்டு ஜெர்மானியர்களிடம் கைதியாக இருந்தவர். ஷாட்டுகள் செங்கற்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கதையையும் உணர்வையும் கட்டவேண்டும் என்பது அவர் வாதம். கார்க்கியின் நாவலிலிருந்து அவர் எடுத்த 'தாய்' (1926) படத்தில் இதற்கு அருமையான ஓர் இடம் இருக்கிறது. சிறையில் இருக்கும் மகனுக்கு, நாளை விடுதலை என்று ரகசியச் செய்தி வருகிறது. அவன் சந்தோஷத்தை எப்படிக் காட்டுவது? முகத்தை மட்டும் காட்டினால் போதாது என்று புதோவ்கின் நினைத்தார். அவனுடைய கைகளைக் காட்டுகிறார், வாயின் ஓரத்தைக் காட்டுகிறார், அப்புறம் பனி உருகி ஓடும் வசந்தகால ஓடை, தண்ணீரில் ஆடும் வெயில், குளத்துப் பறவைகள், சிரிக்கும் ஒரு குழந்தை. அவன் சிறைக்குள் இருக்கிறான், அவன் மனம் முழுக்க வெளியே இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதாமல் சொல்லிவிட்டார்.

செர்கெய் ஐசென்ஸ்டைன் இதை ஏற்கவில்லை. 1898-ல் ரிகாவில் பிறந்தவர். அப்பா அந்த ஊரின் பேர்போன கட்டடக் கலைஞர். மகன் சிவில் இன்ஜினியரிங் படித்து, செஞ்சேனையில் சேர்ந்து, நாடகத்துக்கு வந்து, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார். நடுவில் ஜப்பானிய எழுத்துகளைக் கற்றார். கண்ணின் வடிவத்தையும் தண்ணீரின் வடிவத்தையும் சேர்த்தால் அழுகை என்று பொருள் தரும் எழுத்து முறை அது. கண்ணும் ஒரு பொருள், தண்ணீரும் ஒரு பொருள், சேர்ந்து வருவதோ இரண்டிலும் இல்லாத ஒரு கருத்து. சினிமாவும் அப்படித்தான் என்றார். ஷாட்டுகள் அடுக்கப்படக் கூடாது, மோத வேண்டும். மோதலில் மூன்றாவதாக ஒன்று பிறக்கும்.

அவருடைய முதல் முழுநீளப் படமான 'வேலைநிறுத்தம்' (1925) முடிவில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்படுவதோடு ஒரு மாடு அறுக்கப்படுவதை மாற்றி மாற்றி வெட்டுகிறார். இரண்டு காட்சிகளுக்கும் கதையில் தொடர்பே இல்லை. அந்தத் தொடர்பைப் போடுவது நம் வேலை. இதுதான் மோதல் மாண்டேஜ்.

படிக்கட்டில் நடந்தது

'போர்க்கப்பல் பொட்டெம்கின்' ஜார் ஆட்சிக்கு எதிரான 1905 கலகத்தின் 20ஆம் ஆண்டு நினைவுக்காக அரசு கேட்டு எடுத்த படம். 1925 டிசம்பர் 21-ல் மாஸ்கோவின் போல்ஷோய் தியேட்டரில் முதன்முதலாகத் திரையிட்டார்கள். ஐசென்ஸ்டைனுக்கு வயது 27. ஒளிப்பதிவு எதுவார்த் திஸ்ஸே.

புழு நெளியும் இறைச்சியைச் சாப்பிட மறுத்த மாலுமிகள் கலகம் செய்கிறார்கள். ஒடெசா நகர மக்கள் துறைமுகப் படிக்கட்டில் திரண்டு கப்பலைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். திடீரென்று படியின் உச்சியில் ஜார் மன்னரின் சிப்பாய்கள். வெள்ளைச் சட்டை, நீட்டிய துப்பாக்கி, ஒரே சீராக இறங்கும் பூட்ஸ் கால்கள். அவர்களுடைய முகத்தை நாம் சரியாகப் பார்ப்பதே இல்லை. மக்களின் முகங்களையோ மிக அருகில் பார்க்கிறோம். சிப்பாய்கள் நேர்க்கோடு, மக்கள் சிதறல். சிப்பாய்கள் கீழே இறங்குகிறார்கள். சுடப்பட்ட மகனைக் கையில் ஏந்திய ஒரு தாய் மட்டும் அவர்களை நோக்கி மேலே ஏறுகிறாள். கீழே ஓடும் கூட்டத்துக்கு எதிராக மேலே போகும் அந்த ஒற்றை உருவம்தான் ஐசென்ஸ்டைன் சொன்ன மோதல். திசையோடு திசை மோதுகிறது, கூட்டத்தோடு தனி ஆள், வேகத்தோடு நிதானம்.

அதற்குப் பிறகு வருவதுதான் எல்லோரும் அறிந்த கைக்குழந்தை வண்டி. குண்டடிபட்ட இளம் தாய் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். இடுப்புப் பட்டையின் கொக்கி மேல் அவள் கைகள், விரலிடுக்கில் ரத்தம். அவள் சாய்கிறாள், அவள் உடம்பே வண்டியைத் தள்ளிவிடுகிறது. வண்டியின் சக்கரம் ஒரு படி இறங்குகிறது, தயங்குகிறது, அடுத்த படி. நடுநடுவே பார்த்துக்கொண்டிருப்பவர்களின் அலறும் முகங்கள். கடைசியில் ஜாரின் குதிரைப்படையைச் சேர்ந்த ஒரு கொசாக் வீரன் வாளை ஓங்கி வீசுகிறான், சின்னச் சின்னத் துண்டுகளாக, திரும்பத் திரும்ப. வாள் யார் மேல் பட்டது என்று படம் காட்டுவதில்லை. அடுத்த ஷாட்டில் மூக்குக்கண்ணாடி உடைந்து, கண்ணிலிருந்து ரத்தம் வழிய, வாய் திறந்திருக்கும் ஒரு முதிய பெண். வெட்டை நாம் பார்க்கவில்லை, ஆனால் பார்த்ததாகவே நினைவில் தங்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும்.

நேரத்தையும் கவனியுங்கள். ஒரு மனிதன் அந்தப் படிகளை ஓடி இறங்க அதிக நேரம் ஆகாது. படத்திலோ இறங்கி இறங்கிப் படி முடியவே முடிவதில்லை. ஒரே நொடியைப் பல கோணத்தில் வெட்டி அடுக்கி ஐசென்ஸ்டைன் நேரத்தை இழுக்கிறார். பயத்தில் இருப்பவருக்கு நேரம் அப்படித்தான் நகரும்.

படுகொலைக்குப் பதிலடியாகக் கப்பல் சுடுகிறது. உடனே மூன்று கல் சிங்கங்கள்: ஒன்று தூங்குகிறது, ஒன்று தலை நிமிர்கிறது, ஒன்று எழுந்து நிற்கிறது. கிரிமியாவின் அலூப்கா அரண்மனையில் இருக்கும் மூன்று தனித்தனிச் சிலைகள் அவை. சேர்த்து வெட்டியதும் ஒரே சிங்கம் துள்ளி எழுந்த மாதிரி ஆகிவிட்டது. கல்லே பொறுக்காமல் எழுந்தது என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

ஒடெசாவில் 1905-ல் உயிரிழப்புகள் நடந்தது உண்மை. ஆனால் அந்தப் படிக்கட்டில் படத்தில் வருவது போன்ற படுகொலை நடக்கவில்லை. படத்தைப் பார்த்து அதை வரலாறாகவே நம்பியவர்கள் ஏராளம். பிரிட்டனில் 1954 வரை பொதுத் திரையிடலுக்குத் தடை. நாஜிகளின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ், கொள்கையில் நேரெதிரான இந்தப் படத்தை 1933-ல் மெச்சிப் பேசினார். இது பிரச்சாரப் படம், மாபெரும் கலையும்கூட. இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு இந்தப் படத்தைச் சொல்லித்தருவது நேர்மையில்லை.

மேஜையில் உட்கார்ந்த பெண்கள்

மாண்டேஜ் கதை பெரும்பாலும் ஆண்களின் பெயர்களாலேயே சொல்லப்படுகிறது. அது எனக்கு உறுத்தும் விஷயம். ஐசென்ஸ்டைன் எடிட்டிங் பழகியது எஸ்ஃபிர் ஷூப் என்ற பெண்ணின் பக்கத்தில். வெளிநாட்டுப் படங்களை சோவியத் பார்வையாளர்களுக்காக மறுபடி வெட்டித் தொகுப்பது அவர் வேலை. ஜெர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் படமொன்றை அவர் அப்படி வெட்டியபோது ஐசென்ஸ்டைன் கூட இருந்தார். ஷூப் 1927-ல் 'ரொமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி'யைத் தந்தார். அரச குடும்பம் தனக்காக எடுத்துவைத்த படச்சுருள்களையும் பழைய செய்திப் படங்களையும் தேடிப்பிடித்து, ஜாரின் ஆட்சிக்கு எதிராகவே அவற்றைப் பேசவைத்தார். கப்பல் தளத்தில் பிரபுக்கள் ஆடிக் களைத்து வியர்வை துடைக்கிறார்கள். கட். விவசாயிகள் மண்வெட்டிக் களைத்து வியர்வை துடைக்கிறார்கள். பழைய காட்சிகளைத் தொகுத்து ஆவணப்படம் எடுக்கும் இன்றைய வழக்கத்துக்கு முன்னோடி அவர்.

எலிசவேத்தா ஸ்விலோவா இன்னொருவர். ஜிகா வெர்தோவ் என்ற ஆவணப்பட இயக்குநரின் மனைவி, எடிட்டர். வெர்தோவின் இயற்பெயர் தாவித் கௌஃப்மன், பிறந்தது இன்று போலந்தில் இருக்கும் பியாலிஸ்டாக்கில். நடிகர், கதை, செட் எல்லாம் பொய், வாழ்க்கையை அப்படியே கேமராவால் பிடித்து வெட்டி அமைப்பதே சினிமா என்றவர். 1929-ல் வந்த 'கேமராவோடு ஒரு மனிதன்' அந்த நம்பிக்கையின் உச்சம். வெர்தோவின் தம்பி மிகயீல் கௌஃப்மன்தான் கேமராமேன். இதில் ஓரிடம் எனக்கு உயிர். பாய்ந்து ஓடும் குதிரை திரையில் சட்டென்று உறைகிறது. அடுத்து உறைந்த முகங்கள். அப்புறம் பார்த்தால் அந்த முகங்கள் ஓரத்தில் துளைகள் உள்ள ஒரு ஃபிலிம் துண்டில் இருக்கின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்விலோவா மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வெட்டி ஒட்ட, முகங்களுக்கு மறுபடி உயிர் வந்து சிரிக்கின்றன. எடிட்டிங் என்றால் என்ன என்று கேட்பவருக்கு இந்த ஒரு நிமிடத்தைக் காட்டினால் போதும். 2014-ல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய வாக்கெடுப்பில் இதுவே ஆவணப்படங்களில் முதலிடம் பெற்றது.

அரசு கொடுத்ததும் பறித்ததும்

இவர்களுக்குக் கேமரா, பள்ளி, பணம் எல்லாம் கொடுத்தது அரசு. ஸ்டாலின் காலத்தில் அதே அரசு கழுத்தைப் பிடித்தது. 1930களில் 'சோசலிச யதார்த்தவாதம்' ஒன்றே வழி என்றானது. எளிய கதை, நேர்மறை நாயகன் இருந்தால் போதும், வெட்டு விளையாட்டெல்லாம் 'வடிவவாதம்' என்ற குற்றம். குலெஷோவ் மெல்ல ஒதுங்கிக் கற்பித்தலில் நிலைத்தார். வெர்தோவ் கடைசி வருடங்களில் வாராந்தரச் செய்திப் படங்களை வெட்டிக்கொண்டிருந்து 1954-ல் மறைந்தார்.

ஐசென்ஸ்டைனின் பாதை இன்னும் வலி மிகுந்தது. 1930-ல் ஹாலிவுட் போய் ஒரு படமும் எடுக்க முடியவில்லை. மெக்சிகோவில் எடுத்த படம் பாதியில் நின்றது, எடுத்த சுருள்கள் அவர் கைக்கு வரவில்லை. நாடு திரும்பி எடுத்த 'பெஷின் புல்வெளி' 1937-ல் நிறுத்தப்பட்டு அழிந்தது. 1960களில் மிச்சமிருந்த ஒற்றை ஒற்றை பிரேம்களை வைத்து அதன் சாயலை மீட்டார்கள். 'அலெக்சாந்தர் நெவ்ஸ்கி' (1938) அவரைத் தூக்கி நிறுத்தியது. பனி ஏரியில் நடக்கும் அதன் போர்க்காட்சியைக் கோடை வெயிலில் செயற்கைப் பனி கொட்டி எடுத்தார்கள். இசை புரோகோஃபியேவ். சில இடங்களில் இசை முதலில் வந்து, படம் அதற்கேற்ப வெட்டப்பட்டது. மோதல், மோதல் என்றவர் இங்கே ஒலியும் காட்சியும் இழையும் மாண்டேஜைத் தேடுகிறார். அடுத்து, ரஷ்ய மன்னன் ஒருவனைப் பற்றிய 'இவான்' படத்தின் முதல் பாகத்துக்கு ஸ்டாலின் பரிசு. இரண்டாம் பாகத்தில் அரசனின் சந்தேக வெறியைக் காட்டியதும் தடை. அது வெளிவந்தது 1958-ல். ஐசென்ஸ்டைன் 1948 பிப்ரவரியிலேயே, 50 வயதில், இறந்துபோயிருந்தார்.

வெட்டாதே என்றவர்

அதே வ்கிக் பள்ளியில் 1954-ல் சேர்ந்த ஒரு மாணவர் இந்த மரபையே எதிர்த்தார். ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி, கவிஞர் அர்சேனி தார்க்கோவ்ஸ்கியின் மகன். ஐசென்ஸ்டைனின் படங்கள் பார்வையாளரைச் சிந்திக்க விடாமல் முடிவைத் திணிக்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. சினிமாவின் மூலப்பொருள் நேரம், அதை ஷாட்டுக்குள் ஓடவிட வேண்டும், செதுக்க வேண்டும் என்றார்.

'நாஸ்டால்ஜியா' (1983) இதற்குச் சரியான உதாரணம். தண்ணீர் வடிந்த ஒரு குளத்தை, அணையாத மெழுகுவர்த்தியோடு ஒருவன் கடக்க வேண்டும். பாதியில் சுடர் அணைகிறது, திரும்பி வந்து மறுபடி தொடங்குகிறான். மறுபடி அணைகிறது. மூன்றாம் முறை கடக்கிறான். ஏறக்குறைய ஒன்பது நிமிடம், ஒரே ஷாட். ஒரு கட் வைத்திருந்தால் அந்தச் சுடரைப் பற்றி நமக்குக் கவலையே வந்திருக்காது.

அவரையும் அரசு விடவில்லை. 1966-ல் முடிந்த 'ஆந்த்ரேய் ருப்லேவ்' சொந்த நாட்டில் 1971-ல்தான் வெளியானது. கடைசி இரு படங்களை வெளிநாட்டில் எடுத்து, 1986 டிசம்பரில் பாரிசில் இறந்தார். அவர் ஆதரித்த அலெக்சாந்தர் சோகுரோவ் இன்னும் தூரம் போனார். 'ரஷ்யப் பேழை' (2002) பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குள், ஆயிரக்கணக்கான நடிகர்களோடு, ஒரு கட்கூட இல்லாமல் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. 2001 டிசம்பர் 23-ல், நான்காவது முயற்சியில் வெற்றிகரமாகப் பதிவானது. கட் வைப்பதைக் கலையாக்கிய நாட்டிலிருந்தே கட் இல்லாத படமும் வந்தது.

மாண்டேஜ் இயக்குநர்களின் பாதிப்பு எங்கெல்லாம் போனது? அமெரிக்க இயக்குநர் பிரையன் டி பால்மா 'தி அன்டச்சபிள்ஸ்' (1987) படத்தில் சிகாகோ ரயில் நிலையப் படிகளில் அந்தக் குழந்தை வண்டியை மறுபடி உருட்டினார். வங்காளத்தின் ரித்விக் கட்டக், ஐசென்ஸ்டைனைத் தன் ஆசான்களில் ஒருவராகச் சொன்னவர். அவர் புனே திரைப்படக் கல்லூரியில் கற்பித்த மாணவர்களில் ஒருவர் ஜான் ஆபிரகாம். அந்த ஜான் ஆபிரகாம்தான் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்தார்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டால், 'பொட்டெம்கின்' படிக்கட்டுக் காட்சியை முதலில் இசையோடும் பிறகு ஒலியை அணைத்தும் பாருங்கள். இரண்டாம் தடவை கட் விழும்போதெல்லாம் மேஜையைத் தட்டினால் அதன் தாளம் கைக்கு வந்துவிடும். அடுத்து 'கேமராவோடு ஒரு மனிதன்', அடுத்து 'தாய்'. தார்க்கோவ்ஸ்கிக்கு 'இவானின் குழந்தைப்பருவம்' (1962) நல்ல வாசல். கதை பிடிபடும், படமும் குறுகியது. 'கண்ணாடி' (1975) கனவும் நினைவும் கலந்து ஓடும் படம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதல் தடவை புரியாவிட்டாலும் பரவாயில்லை.